இடது பக்கம் அரை அங்குலம்

விரல்கள் மல் துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் கோடு இழுத்தன. கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. ஊசி இரண்டு கோட்டிலும் இறங்கி ஏறியது. இரண்டு தையலுக்கும் நடுவே, அடி மூடிய ஒல்லியான குழல் ஒன்று கிடைத்தது. பக்கத்துக் கிண்ணத்தில் கண்ணாடிப் பாசிமணிகள் கிடந்தன. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திய மணிகள். விரல்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் குழலுக்குள் போட்டுக் கீழே நெருக்கின. மணி உருளவும் கூடாது, துணி விறைக்கவும் கூடாது. வாயைத் தைத்தபின் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தன. சத்தம் வந்தது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் கூடாது. தையலைப் பிரித்து, இன்னும் ஒரு மணியை நுழைத்து, மறுபடி தைத்தன.

இப்படி ஆறு குழல். அவற்றின் மேல் விதையும் தும்பும் நீக்கிய இலவம்பஞ்சு. பஞ்சை மூட இன்னொரு துணி, ஓரம் சுருக்கி, நடுவைக் குவித்து. எல்லாம் சேர்ந்தபின் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குத் தராசு கிடையாது, கைதான்.

ஓர் இளம்பெண்ணின் வலது மார்பின் அளவு அது. அவள் பெயர் தாட்சாயிணி, இருபது வயது, எதிர் வீட்டு மருமகள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கிடக்கிறாள். அவள் வீடு திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தைத்துக்கொண்டிருந்தவள் கன்னியம்மாள். அதே மாதிரிப் பை ஒன்று எட்டு வருஷமாக அவளுடைய ரவிக்கைக்குள்ளும் இருந்தது. போன வாரம் வரைக்கும் அது தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

மேனாம்பேட்டில் கன்னியம்மாளிடம் ரவிக்கை தைக்காத பெண்பிள்ளை குறைவு. அவளுக்கு யாரும் தையல் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், கிழிந்த ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைச் செய்தித்தாளில் பரப்பி, பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி, திரும்பச் சேர்த்துத் தைத்தாள். கோணலாக வந்தது. பிரித்தாள். பதினோராவது தடவை ஒழுங்காக வந்தது. அவள் தகப்பனும் மாமனாரும் நாற்று நட்ட கழனிகள் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போய், அவற்றின் மேல் ஷெட்டுகள் எழும்பின. அதில் ஒரு ஷெட்டில் அவள் புருஷன் லோகநாதன் லேத்து ஓட்டினான். அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கால் தையல் மிஷின் வந்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை உண்டு. எந்த உடம்பிலும் இரண்டு பக்கம் ஒன்றாக இருக்காது. ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒரு பக்கம் சின்னதாயிருக்கும். தைக்கிறவள் அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் திருத்தலாம், வாயால் சொல்லக் கூடாது. இறங்கின தோளுக்குத் துணியில் ஒரு மடிப்பு, சிறுத்த பக்கத்துக்கு உள்ளே கொஞ்சம் பஞ்சு. போட்டுக்கொள்கிறவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தால் போதும். "ஒன் கைல இன்னாமோ கீதுடி" என்பார்கள். கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள்.

அறுபத்தாறாம் வருஷம், அவளுக்கு இருபத்துநாலு வயது. மகள் பேபிக்கு எட்டு மாதம். அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தனக்கென்று ஒரு ரவிக்கை தைத்தாள். இடது பக்கம் உட்காரவில்லை. தையல் தப்பு என்று பிரித்து அரை அங்குலம் தளர்த்தினாள். சரியாயிற்று. மாதம் ஒன்று போயிற்று. அதே ரவிக்கை மறுபடி இடது பக்கம் பிடித்தது. துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்று நினைத்தாள். மறுபடி பிரித்தாள். ஊசியில் நூல் கோக்கும்போதுதான் தோன்றியது: துணி சுருங்கினால் வலது பக்கம் ஏன் சுருங்கவில்லை? ஊசியை மிஷின்மேல் குத்தி வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை பருமனில், நகராத ஒன்று இருந்தது. வலிக்கவில்லை.

இரண்டு மாதம் அவள் துணியைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள்.

மாமியார் கெங்கம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "பால் கட்டிக்கினு கீது. புள்ளைக்குப் பால மறக்கடிச்சிடு, தானா வத்திடும்" என்றாள். பூந்தமல்லியிலிருந்து மல்லிகை மொட்டு வாங்கி வந்து, மார்பின்மேல் கனமாகப் பரப்பி, பழம்புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பாலை வற்றடிக்க ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆறு நாள் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். வாடின பூவும் புளித்த பாலும் சேர்ந்த வாடையில் கன்னியம்மாள் மிஷின் மிதித்தாள். பேபி புடவையைப் பிடித்து இழுத்துக் கதறியது. ஏழாம் நாள் பால் வற்றிற்று. ஏரி வற்றினதும் அடியில் கிடந்த பாறை மேலே தெரிகிற மாதிரி, கட்டி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

லோகநாதன்தான் ஒரு நாள் லீவு போட்டு அவளை ரயிலேற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனான். அதன்பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவில்லை. அறுத்தார்கள், மிச்சத்தை எரிக்கக் கரண்டு வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தபோது இடது பக்கம் விலா எலும்பின்மேல் தோல் மட்டும் இருந்தது, அவசரத்தில் போட்ட தையல் மாதிரி சுருக்கத்தோடு.

கெங்கம்மாள் கன்னியம்மாளின் கையை எடுத்துப் பேபியின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"பொட்டப்புள்ள பெத்து வச்சுகினு கீற. ஆத்தாளுக்குப் புத்துன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? வயித்துல கட்டின்னு சொல்லு. இந்த ஊட்டத் தாண்டி ஒரு வார்த்த போச்சுன்னா, இது தலைல நீயே மண்ணப் போட்ட மாதிரி."

கன்னியம்மாள் தலையாட்டினாள்.

ஆனால் வாயை மூடினால் மட்டும் போதுமா? தெருக் குழாயடியில் உடம்பும் மூடியிருக்க வேண்டுமே. முதலில் வெறும் பஞ்சு வைத்தாள். குடத்தைத் தூக்கினால் பஞ்சும் தோளுக்கு ஏறியது. கனம் வேண்டும் என்று புரிந்தது. வீட்டில் கேழ்வரகு இருந்தது. ஒரு ஆழாக்கு போல அள்ளிப் பஞ்சுக்குக் கீழே வைத்துத் தைத்தாள். அழகாக நின்றது. ஐப்பசியில் விடாமல் மழை. துவைத்தால் காயாது என்று நாலு நாள் அதையே போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் அங்கே ஊறல் எடுத்தது. கொல்லைத் தடுப்புக்குள் போய் ரவிக்கையை அவிழ்த்தாள். துணியின் நெசவைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக, முடி மாதிரி, நூற்றுக்கணக்கில் ஏதோ முளைத்திருந்தன. திரும்ப வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அறுத்த இடத்திலிருந்து வேர் விட்டு வெளியே வருகிறது என்றே நினைத்தாள்.

குழந்தைக்குக் கூழ் காய்ச்ச, கேழ்வரகை ஈரத்துணியில் முடிந்து சூடான இடத்தில் வைத்து முளைகட்டுவது அவளே வாரா வாரம் செய்கிற வேலை. அதைத்தான் தன் நெஞ்சில் செய்திருக்கிறாள் என்று உறைப்பதற்குள், தரையில் உட்கார்ந்து தன் மிச்சப் பக்கத்தையும் இரண்டு கையாலும் பிசைந்து பிசைந்து தேடியிருந்தாள்.

அதன்பின் லோகநாதன் ஷெட்டிலிருந்து கழித்துப் போட்ட பேரிங் குண்டுகள் கொண்டுவந்தான். வேர்வையில் துருவேறி ரவிக்கையில் பழைய ரத்தம் மாதிரி கறை விட்டன. கடைசியில் ஸ்டேஷன் வாசலில் ஊசி, பாசி விற்கிற குறத்தியிடம் கண்ணாடி மணிகள் வாங்கினாள். கண்ணாடி முளைக்காது, துருவேறாது. ஆனால் நடந்தால் கிணுகிணுத்தது. குழல் குழலாகத் தைத்து அதையும் அடக்க ஒரு வருஷம் ஆயிற்று.

அடங்காதது ஒன்று இருந்தது. தெருவில் எந்த வீட்டுக் கைக்குழந்தை அழுதாலும், இல்லாத பக்கத்தில் பால் இறங்கும். நரம்பு நரம்பாகக் கூசிக்கொண்டு, நிஜமாக இறங்குகிற மாதிரியே. அவள் சட்டென்று குனிந்து பார்ப்பாள். ரவிக்கை உலர்ந்திருக்கும்.

வேம்புலியம்மாள் அடுத்த சந்தில் இருந்தவள். எஸ்டேட்டில் சாமான் எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் சிரித்தால் குழாயடிக்குக் கேட்கும். எழுபதாம் வருஷப் பொங்கலுக்கு ஊதாத் துணி கொண்டுவந்தாள்.

"இன்னா கன்னி, போன தபா தச்ச ஜாக்கெட்டு எடது பக்கம் புடிக்குது. என் ஊட்டுக்காரன் சொல்றான், எஸ்டேட்டு டீயில எடது பக்கம் மட்டும் கொழுத்துட்டியாடின்னு."

"கைய தூக்குக்கா."

"தூக்கறேன், தூக்கறேன். கூசுதுடி, பாவி!"

நாடா அரை அங்குலம் கூடக் காட்டியது. கன்னியம்மாள் நோட்டில் எழுதினாள்: வேம்புலி, இடது அரை கூட. எழுதிவிட்டுப் பென்சிலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தான் பிரித்துத் தளர்த்தியதும் அதே அரை அங்குலம்தான். கேட்டிருக்கலாம். 'அக்கா, கைல எதுனா தட்டுதா?' என்று ஒரு வார்த்தை. கேட்டால் அடுத்த வார்த்தையும் வரும்: 'ஒனக்கு எப்பிடித் தெரியும்?' மூலையில் பேபி பொம்மைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் இடது பக்கத்தைத் தளர்த்தி, இரண்டும் ஒன்றாகத் தெரிய வலது பக்கம் உள்ளே சிட்டிகைப் பஞ்சு வைத்துத் தைத்தாள்.

ஆடியில் இன்னொரு ரவிக்கை. முக்கால் அங்குலம். தீபாவளிக்கு ஒன்று. ஒரு அங்குலம், அக்குளிலும் பிடிப்பு. ஒவ்வொரு தடவையும் வலது பக்கத்துக்குப் பஞ்சு கூடியது. கடைசி ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு வேம்புலி கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். முகம் ஒடுங்கியிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"பாத்தியா, சினிமாக்காரி மாதிரி கீறேன். ஒன் கைக்கு முத்தா குடுக்கணும்டி கன்னி."

கொடுக்கவும் கொடுத்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசியில் வேம்புலி செத்துப்போனாள். கடைசி ரெண்டு மாதம் அவள் வெளியே வரவில்லை. முதுகுவலி என்று சொன்னார்கள். குளிப்பாட்டப் பெண்கள் நாலு பேர் புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். கன்னியம்மாளும் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். விறைத்த கையிலிருந்து ரவிக்கையைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். இடது பக்கத்தைப் பார்த்ததும் ஒருத்தி "அய்யோ மாரியாத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலது பக்கம் வெட்டின இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு உருண்டை தண்ணீரில் விழுந்தது.

"இது இன்னாடி இது?"

"பஞ்சுக்கா" என்றாள் கன்னியம்மாள். குனிந்து எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். தண்ணீர் ஊறின பஞ்சு வீடு வரைக்கும் இடுப்பில் சில்லென்று இருந்தது.

அன்றிலிருந்து எந்த உடம்பின்மேல் நாடாவை இழுத்தாலும் காதோரம் ஒரு குரல் கேட்டது. 'இன்னா கன்னி, சரியா ஒக்காந்துச்சா?' கோபமான குரல் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அது சிரித்துக்கொண்டே கேட்டது. கன்னியம்மாள் நாடாவை இறுக்காமல், நுனி விரலால் பிடித்து அளவெடுக்கப் பழகினாள். சில வீட்டுப் பெண்களை, அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையை மட்டும் கொடுத்து அனுப்பச் சொன்னாள். தையல் கொஞ்சம் தளர்ந்ததாகப் பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

தாட்சாயிணி எழுபத்துநாலு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் வந்தாள். பருத்திப்பட்டிலிருந்து எதிர் வீட்டு வரதனுக்குக் கட்டிக்கொடுத்த பெண். அதிகம் பேசாது. அளவு ரவிக்கை கேட்டபோது, "இல்லக்கா, பழசு புடிக்குது. அளந்துக்க" என்றது.

நாடா வலது பக்கம் வந்ததும் பெண் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. கூச்சம் இல்லை, கூச்சப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். இது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் நாடாவைப் பார்த்தாள். வலது பக்கம் அரை அங்குலம் கூட.

'இன்னா கன்னி' என்றது குரல்.

நோட்டை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளைப் போட்டாள்.

"தாட்சா. சோப்பு போடும்போது கைல எதுனா தட்டுதா?"

பெண் தலையை ஆட்டிற்று. கண்ணில் தண்ணீர் இறங்கிற்று.

"எத்தினி நாளா?"

"மூணு வாரம். யார் கைலயும் சொல்லிடாதக்கா. ஏற்கனவே ரெண்டு வருசமா வயித்துல ஒண்ணுமில்லன்னு பேசுது எங்க மாமியா. இதுவும் தெரிஞ்சா எங்க அம்மா ஊட்டுக்கே தொரத்திடும். கரைஞ்சி போயிடும்னு சொல்றாங்களே, கரைஞ்சிடாதா?"

"ஆசுபத்திரிக்குப் போ."

"அறுத்துடுவாங்க. அறுத்துட்டா அப்புறம் நான் இன்னாக்கா? செத்த மாதிரிதான்."

கன்னியம்மாள் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எட்டு வருஷத்தில் லோகநாதனைத் தவிர யாரும் பார்க்காத இடம். பையை எடுத்து மிஷின் பலகையில் வைத்தாள். மாலை வெயில் சன்னல் வழியாக அந்தச் சுருங்கின தோலில் விழுந்தது.

"நான் செத்தா போயிட்டேன்? கீறேன் பாரு. எட்டு வருசமா கீறேன். ஒனக்கு ஜாக்கெட்டு தச்சினு கீறேன்."

தாட்சாயிணி பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தாழ்ப்பாளைத் தடுமாறித் திறந்து, தெருவுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் லோகநாதன் வந்ததும் சொல்லிவிட்டாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"காட்டிட்டியா?"

"காட்டிட்டேன்."

"அது பயந்துகினு ஊட்டுக்குள்ளயே ஒக்காந்துட்டா?"

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்காமல் ஒருத்தியைக் கொன்றாயிற்று. திறந்து இன்னொருத்தியைக் கொன்றேனோ? லோகநாதன் வெகுநேரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். கிரீஸ் போன பிறகும் கழுவினான்.

"பேபிக்கு வர்றவன் வரட்டும், மே. வராதவன் எத்த சொன்னா வருவான்?" என்றான்.

மூன்றாம் நாள் காலை குழாயடியில் வடிவு அவளைப் பிடித்துக்கொண்டாள். வடிவு தாட்சாயிணியின் மாமியார். வடிவு வாய்க்குப் பயந்து பால்காரன் கூட அளவு சரியாக ஊற்றுவான்.

"இன்னாடி கன்னி, என் மருமவகிட்ட எத்த அவுத்துக் காட்டின? ராத்திரி பூரா பெனாத்துது. ஜுரம் நூத்திமூணு. அக்காவுக்கு ஒரு பக்கம் இல்ல, ஒரு பக்கம் இல்லன்னு. இல்லாதவ இல்லாத மாதிரி இருக்கணும். எங்க ஊட்டுப் பொண்ணுக்கு எதுக்குடி படம் காட்ற?"

ஏழெட்டுக் குடங்கள் வரிசையில் நின்றன. எல்லாக் கண்ணும் கன்னியம்மாளின் ரவிக்கைக்கு வந்து, தரைக்குப் போயின. அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஆமா வடிவக்கா. எனக்கு ஒரு பக்கம் இல்ல. புத்து. அறுத்துட்டாங்க. வயித்துக் கட்டின்னு சொன்னது பொய்யி. ஒன் மருமவளுக்கும் கட்டி கீது. ஆசுபத்திரிக்கு இட்டுகினு போ. வேம்புலி மாதிரி வுட்றாத."

"வேம்புலிக்கு இன்னாடி? அவ முதுகு வலில செத்தா."

"இல்லக்கா. எனக்குத் தெரியும். நாந்தான் அளவெடுத்தேன்."

குழாய்க்கு அடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குடத்தை மாற்றவில்லை. வடிவு தன் குடத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வரதன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதைக் கன்னியம்மாள் சன்னலில் பார்த்தாள். தாட்சாயிணி திரும்பிப் பார்க்கவில்லை. அன்றே கன்னியம்மாள் மணிகளை அலசி உலர்த்தினாள்.

பை முடிந்த மறுநாள் மத்தியானம் வடிவு வந்தாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லியாம். சும்மா கட்டியாம். இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதாம். எடுத்துட்டு நாலு தையல் போட்டுகீறாங்க. நாளைக்கு இட்டாந்துடுவான்." ஒரு மூச்சு விட்டாள். "ஒரு வாரமா என் ஊட்ட எழவு ஊடாக்கிட்டடி நீ."

கன்னியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தாட்சாயிணி முழுசாக வருகிறாள். அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது: வேம்புலியுடையதும் முதல் அரை அங்குலத்தில் பார்த்திருந்தால் இப்படிப் போயிருக்கும். அல்லது போயிருக்காது. அதை இனிமேல் யாரைக் கேட்பது? காதோரம் கவனித்தாள். குரல் ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டதாகவும் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து காத்திருக்கிற மாதிரி இருந்தது.

வடிவு போகவில்லை. மிஷின் பலகையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது இன்னா?"

"தாட்சாவுக்குன்னு தச்சேன்."

"த்தூ, வாயக் கழுவு." ஆனால் குனிந்து, ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தின இடம் மெல்ல மேலே எழும்பியது. "கனமா கீதே."

"கனம் இருந்தாத்தான் நிக்கும்."

வடிவு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். குரல் இறங்கிற்று. எப்போதும் தெருவுக்கே கேட்கிற குரல் அது; இறங்கினபோது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"எனக்கு ஒரு தங்கச்சி கீறா. ராணி. நசரத்பேட்டைல கட்டிக் குடுத்துகீது. ஆடில அவளுக்கு அறுத்துட்டாங்க. டீபின்னு சொல்லி வச்சிகீறான் அவ புருசன். ஊட்ட வுட்டு வெளிய வர்றதில்ல. துண்ட சுருட்டி உள்ள வச்சுகினு ஒக்காந்துகினு கீறா. போனா என்கிட்டகூட பேசறதில்ல. நானும் ஒரு சனத்துக்கும் சொல்லல." மூக்கை உறிஞ்சினாள். "நீ அன்னிக்கி கொழாயாண்ட சொல்றப்போ எனக்கு இன்னா கோவம்னு நெனச்ச? தாட்சாவுக்காகவா?"

கன்னியம்மாள் எழுந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"எடது."

"இது வலதுக்கா. ஆவாது. பக்கம் மாறினா சரிவு மாறும். பிரிச்சுத்தான் தைக்கணும். அளவு வேணும். ஆளு எப்பிடி?"

"என்ன மாதிரிதான். கொஞ்சம் எளச்சவ."

"அப்ப நீ கைய தூக்கு."

வடிவு விழித்தாள். தெருவில் யாரும் அவளைத் தொட்டு அளந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அளவு ரவிக்கையைச் சுருட்டி எறிந்துவிட்டுப் போகிறவள். பிறகு இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கினாள். கன்னியம்மாள் நாடாவை நுனி விரலால் பிடிக்கவில்லை. முழுக்கையோடு பிடித்து இறுக்கினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், அக்குளில் விரலை ஓட்டினாள்.

"எத்த தேட்ற?"

"ஒன்னுதையும் பாக்கறேன்."

"எனக்கு இன்னாடி கேடு?"

"ஒண்ணுமில்ல. கைய எறக்கு."

வடிவு கையை இறக்கினாள். ஆனால் உடனே போகவில்லை. "நெஜமா ஒண்ணுமில்லியா?" என்று கேட்டாள், சின்னப் பெண் மாதிரி.

"இல்லக்கா. வெள்ளிக்கெழம வா."

பிரித்தாள். ஆறு குழலையும் பிரித்து மணிகளைக் கிண்ணத்தில் கொட்டினாள். பஞ்சை உதறிப் புதிதாக நீவினாள். ராணியை அவள் பார்த்ததில்லை. வடிவின் அளவிலிருந்து முக்கால் அங்குலம் குறைத்து, உடம்பு தேறினால் இன்னும் கொஞ்சம் பஞ்சு சேர்க்க மேல் ஓரத்தில் ஒரு சின்ன வாயைத் தைக்காமல் கொக்கி வைத்து விட்டாள். இடையில் தாட்சாயிணி வந்து சேர்ந்தாள். தெருவில் இறங்கியதும் சன்னலைப் பார்த்தாள், உள்ளே வரவில்லை. கன்னியம்மாளும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் கண்ணுக்குள் என்ன நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். எதிர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை ஒன்று அழுதது. இல்லாத பக்கத்தில் பால் இறங்கிற்று. குனிந்து பார்த்துவிட்டு ஊசியைத் தொடர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை வடிவு குளித்து, தலை முடிந்து, நசரத்பேட்டைக்குப் போகிற புடவையில் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் அலசணும்" என்றாள் கன்னியம்மாள். "பூந்திக்கொட்டத் தண்ணில. முறுக்கிப் புழியக் கூடாது, அமுக்கினா போதும். நெழல்ல காயணும். மழைக் காலத்துக்கு இன்னொண்ணு தச்சுத் தர்றேன், ஈரத்தோட போட்டுக்க வேணாம். காயம் இன்னும் எரிஞ்சுதுன்னா நடுவுல மல் துணி ஒண்ணு மடிச்சு வையின்னு சொல்லு."

"இத்தன ஞாபகம் இருக்குமா எனக்கு?"

"மறந்துட்டா அவளை இங்க வரச் சொல்லு."

"வரமாட்டா."

"நான் வர்றேன்னு சொல்லு. பஸ்ஸு கீது."

வடிவு மஞ்சள் பையை அகல விரித்துக் காட்டினாள், அதற்குள் போடு என்கிற மாதிரி. கன்னியம்மாள் போடவில்லை. அதைக் காதருகே ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். சத்தம் இல்லை. பிறகு கையை நீட்டினாள். வடிவு மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.